விலை நிற்கும், அளவு படுக்கும்

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, படுக்கையறை பீரோவின் கதவில் சாக்பீஸால் கோடு போட்டு அதைக் கைபேசியில் படம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பீரோ இரும்பு, கரும்பச்சைப் பூச்சு. அந்த வீட்டில் கரும்பலகைக்குக் கிட்டத்துச் சொந்தம் அதுதான். நாற்காலி மேல் நாற்காலி ஏற்றி, மேல் நாற்காலியின் முதுகில் கைபேசியை இரண்டு துணிக் கிளிப்புகளால் நிறுத்தினாள் மகள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், கீழே வீட்டு லுங்கியில் நின்றார். படத்தில் இடுப்புக்குக் கீழே தெரியாது என்று அவள் உறுதி சொல்லியிருந்தாள்.

அம்மா கதவோரம் வந்து நின்றாள். "காலேஜ் சுவரெல்லாம் தீர்ந்து போச்சா? இப்ப என் பீரோவா?"

"உங்க அப்பா குடுத்த பீரோ. ஒரு நாளாவது படிப்புக்கு உதவட்டுமே."

"எங்க அப்பா குடுத்ததுல உருப்படியா இருக்கிறது அது ஒண்ணுதான். அதுலயும் கை வெச்சாச்சு."

"ஒண்ணுதானா? அப்ப நீ?"

அம்மா உள்ளே போனாள். சிரித்துக்கொண்டுதான் போனாள் என்பது பாத்திரங்களின் சத்தத்தில் தெரிந்தது.

முதல் முறை எடுத்தது வீணாயிற்று. வகுப்பு ஞாபகத்தில் அப்பா பீரோவைப் பார்த்தே பேசி முடித்துவிட்டார்.

"அப்பா, முழுக்க உங்க முதுகுதான் இருக்கு."

"இந்த முதுகைப் பார்த்துதான்டி எத்தனையோ பேர் டிகிரி வாங்கினாங்க."

இரண்டாவதைக் குக்கர் விசில் கெடுத்தது. மூன்றாவது சரியாக வந்தது. அப்பா ஒரு கோடு நேராக நிறுத்தினார், அதன் காலடியில் ஒரு கோட்டைப் படுக்க வைத்தார். நின்ற கோட்டின் மேல் 'விலை', படுத்த கோட்டின் ஓரத்தில் 'அளவு'. பிறகு கைகளை உடம்போடு ஒட்டி, சிப்பாய் மாதிரி விறைத்தார். "விலை நிக்கும்." அடுத்து, அவருக்கு வழக்கமாகச் சாய்ந்து விழ ஒரு மேசை வேண்டும். இங்கே மேசை இல்லை. கட்டிலில் சரிந்து விழுந்தார். "அளவு படுக்கும்." கட்டில் கிரீச்சிட்டது. அந்தக் கிரீச் பதிவிலும் இருக்கிறது. மகள் அதை வெட்டாமல் விட்டாள்.

இந்த நடிப்பு அவருடைய முதலாம் ஆண்டு மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். பொருளாதாரப் படத்தில் எந்த அச்சில் எது வரும் என்பதை மறக்காமல் இருக்க அவர் கண்டுபிடித்தது. பழைய மாணவர்கள் வழியில் பார்த்தால் வணக்கம் சொல்லமாட்டார்கள். விறைத்து நின்று காட்டுவார்கள். வங்கி மேலாளர் ஒருவர் தன் மேசை மேலேயே படுத்துக் காட்டியிருக்கிறார். மகள் சின்னவளாக இருந்தபோது அவளைத் தூங்கச் சொல்வதற்கும் இதுதான். "என்ன, அளவு இன்னும் படுக்கலையா?" என்பார்.

படம் எடுத்து முடிந்ததும் அவள் ஈரத் துணியால் பீரோவைத் துடைத்தாள். அவர் காய்ந்த துணியால் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தார். பதிவை ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள்.

"இங்கேருந்தே அனுப்பிடலாம்ப்பா. ஒரு பட்டன்தான்."

"வேண்டாம். நாளைக்கு லேப் அம்மாவை எப்படியும் பார்க்கணும். கையோட குடுத்துடறேன்."

லேப் அம்மா என்பவர் பல்கலைக்கழகத்துக் கணினி அறையின் பொறுப்பாளர். முந்தின நாள் அவரே போன் செய்திருந்தார். "சார், உங்க பிரச்சினைக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். திங்கக்கிழமை வாங்க. நீங்க நேர்ல வந்தாத்தான் நடக்கும்." அந்த ஒரு போனுக்கு அப்பா வீட்டுக்குள் மூன்று சுற்று நடந்தார்.

பிரச்சினை இதுதான். பல்கலைக்கழகம் அந்த ஆண்டு ஒரு கற்றல் செயலியை வாங்கியது. எல்லோரும் அதை ஆப் என்றார்கள். மாணவர்கள் பயிற்சிகளைக் கைபேசியிலேயே செய்ய வேண்டும், ஆப்பே மார்க் போடும். முதல் பயிற்சியில் இரண்டு வெற்று அச்சுகள் வரும். 'விலை', 'அளவு' என்ற இரண்டு சொற்களையும் விரலால் இழுத்து உரிய இடத்தில் வைக்க வேண்டும். அப்பாவின் வகுப்புக்கு ஒழுங்காக வந்தவர்கள் விலையை நிற்க வைத்தார்கள், அளவைப் படுக்க வைத்தார்கள். அவர்களுக்குப் பூஜ்யம். வகுப்புப் பக்கமே தலைகாட்டாமல் ஆப்பிலிருந்த காணொளியைப் பார்த்தவர்களுக்கு முழு மார்க்.

ஆப்பைச் செய்தவர்கள் கணக்குப் படித்தவர்கள். எது காரணமோ அது கீழே படுத்த கோட்டில், எது விளைவோ அது நின்ற கோட்டில். அது கணக்கின் வழக்கம். மகளுக்கு இது பார்த்தவுடனே புரிந்தது. அவளும் அந்தக் கூட்டம்தான். அடுத்தவர் எழுதிய மென்பொருளில் பிழை பிடிப்பது அவள் சம்பளம். பள்ளியில் படிக்கும்போதே இதே சண்டையை அப்பாவோடு சாப்பாட்டு மேசையில் போட்டவள்.

"உங்க படம் தலைகீழா இருக்குப்பா."

"தலைகீழா நிக்கிறது உங்க கணக்கு வாத்தியார்."

"விலை மாறினாத்தானே வாங்குற அளவு மாறும்? அப்ப விலைதானே கீழே வரணும்?"

"நியாயம்தான். யாரோ ஒருத்தர் முதல்ல இப்படிப் போட்டுட்டார். உலகம் பூராவும் அப்படியே பழகிடுச்சு. எல்லாரும் இடது பக்கம் வண்டி ஓட்டுற ரோட்டுல, வலது பக்கமும் ரோடுதானேன்னு ஓட்டுவியா நீ?"



இந்த ஆண்டு பூஜ்யம் வாங்கிய மாணவர்கள் கைபேசியோடு வந்து நின்றபோது அப்பா வாங்கிப் பார்த்தார். "ஆப்தான் தப்பு" என்றார். வகுப்பு சிரித்தது. பாடப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். "அது பழைய புக் சார்" என்றது ஒரு குரல். எதையும் படம் பிடித்துப் போடுவதால் 'லைவ்' என்று பட்டப்பெயர் வாங்கிய ஒரு மாணவன், அந்த "ஆப்தான் தப்பு"வை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் கழுதைச் சத்தம் சேர்த்து எல்லோருக்கும் அனுப்பினான். அன்றிலிருந்து அப்பாவின் பெயர் 'கரும்பலகை'.

கரும்பலகை. பொருளாதாரத் துறைக்கு முதல் கணினியைக் கொண்டு வந்த மனிதருக்கு இந்தப் பெயர்.

மகள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது அது. அவர் அலுவலகம் அலுவலகமாக அலைந்து அனுமதி வாங்கி, அந்தக் கனத்த பெட்டியைத் தானே தோளில் வைத்து மாடி ஏறினார். விலை ஏறினால் கோடு திரையில் நகர்வதைச் செய்து காட்டினார். மாணவர்கள் பக்கத்து வகுப்பிலிருந்தும் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஆசிரியர்கள் அறையில் வேறு மாதிரிப் பேச்சு. "பாடம் நடத்துறாரா, வித்தை காட்டுறாரா?" அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒருவர், பையன்கள் கையால் வரைய மறந்துபோவார்கள் என்று எழுதியே கொடுத்தார். அவர்தான் இன்று துறைத் தலைவர். ஆப்பை வாங்கிய குழுவுக்கும் தலைவர்.

அப்பா சில ஆண்டுகளில் தானாகவே சாக்பீஸுக்குத் திரும்பினார். யார் பேச்சுக்கும் பயந்து அல்ல. "ஓடுற கோட்டைப் பார்த்தா கண்ணுக்குச் சந்தோஷமா இருக்கு. ஆனா பரீட்சையில வரையச் சொன்னா கை முழிக்குது" என்று அவர் கவனித்திருந்தார். அதனால் உண்மையான விலைப் புள்ளிகளை அலசக் கணினி, கோட்டின் குணத்தைப் புரிந்துகொள்ளக் கை என்று பிரித்து வைத்தார். ஆப் வந்தபோதும் அதைத் திட்டவில்லை. துறையிலேயே அதை முழுக்கத் திறந்து பார்த்த ஆசிரியர் அவர் ஒருவர்தான். மாணவனைப்போல உள்ளே நுழைந்து ஒவ்வொரு பயிற்சியையும் செய்தார். மகளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"பாரு. முதல் தடவையா எனக்குப் பொருளாதாரத்துல முட்டை."

மற்ற ஆசிரியர்கள் அதைத் திறக்கவே இல்லை. அதனால் அதோடு அவர்களுக்குச் சண்டையும் இல்லை. மாணவர்களும் பெரிதாக எதையும் திறக்கவில்லை. ஒருவன் செய்த விடையை மற்றவர்கள் வாட்ஸ்அப் குழுவில் வாங்கிப் போட்டார்கள். பிறகு 'ஆசிரியர்களின் தொழில்நுட்ப மனப்பான்மை' என்று மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆப்பைத் தொடாத ஆசிரியர்கள் எல்லோரும் அதில் நல்ல மார்க் வாங்கினார்கள். கடைசி இடம் கரும்பலகைக்கு.

துறைத் தலைவர் அவரைக் கூப்பிட்டுப் பேசியதை அப்பா வீட்டில் நடித்தே காட்டினார்.

"சார், கணக்குப்படி ஆப் சரியாத்தானே இருக்கு? ரெண்டுமே சரின்னு விட்டுடலாமே."

"அடுத்த வருஷம் புத்தகத்தைத் திறப்பாங்க. அதுல மருந்துக்கு உள்ள கோடு செங்குத்தா இருக்கும். விலை எவ்வளவு ஏறினாலும் நோயாளி வாங்கித்தான் ஆகணும்னு அர்த்தம். உங்க ஆப்ல பழகினவன், விலை ஏறினா வாங்குறதையே விட்டுடுவாங்கன்னு படிப்பான். நேர் எதிர் அர்த்தம். பரவாயில்லையா?"

"பசங்களுக்கு மார்க் முக்கியம் சார். ஆப் கேக்குற மாதிரி போடச் சொல்லிடுங்க. பிரச்சினை முடிஞ்சுது."

"பொய் சொல்லிக் குடுக்கச் சொல்றீங்க."

"அட்ஜஸ்ட் பண்ணச் சொல்றேன் சார்."

கடைசியில் துறைத் தலைவர் ஒரு நிபந்தனை வைத்தார். திங்கட்கிழமைக்குள் அப்பாவே ஒரு பாடக் காணொளி தயாரித்துக் கொடுத்து, தொழில்நுட்பத்துக்கு எதிரியல்ல என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதலாம் ஆண்டு வகுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டு ஆப்பின் காணொளிகளையே பாடமாக வைத்துவிடுவார்கள். அப்பாவுக்கு வேறு வகுப்புகளும் இருந்தன. ஆனால் முதலாம் ஆண்டு என்றால் அவருக்கு உயிர். பொருளாதாரம் என்றால் என்னவென்றே தெரியாமல் வந்து உட்காருபவர்களுக்கு முதல் கோட்டைப் போட்டுக் காட்டுவதற்காகத்தான் அவர் காலையில் எழுந்தார்.

அதற்குத்தான் அந்த பீரோ. அதற்குத்தான் லுங்கி மேல் சட்டை.

மகள் தன் பங்குக்கு ஆப் நிறுவனத்துக்கு ஒரு பிழை அறிக்கை எழுதினாள். தொழில்முறையில், படங்களோடு, ஒரு கடுஞ்சொல் இல்லாமல். ஒரே வரியில் பதில் வந்தது: வடிவமைத்தபடியே இயங்குகிறது. அந்த வரியை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் தொழிலில் அது கதவைச் சாத்தும் சத்தம்.

திங்கட்கிழமை காலை அப்பா சட்டைப் பையில் பென்டிரைவோடு கிளம்பினார். "ரெண்டு வேலை. முதல்ல வகுப்பு, அப்புறம் லேப் அம்மா." கணினி அறை முதல் வகுப்பு முடிந்துதான் திறக்கும். முன்னால் திறந்திருந்தாலும் அவர் வகுப்புக்குத்தான் முதலில் போயிருப்பார்.

நடந்ததை மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து சொன்னவன் லைவ். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றான். கையில் அதே கைபேசி.

"அக்கா, இதை யாருக்கும் அனுப்பலக்கா. சத்தியமா."

"பெரிய மனசுதான். கழுதைச் சத்தம் சேர்க்க நேரம் கிடைக்கலையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கையை நீட்டினாள். கொடுத்தான்.

சனி ஞாயிறில் அந்த வகுப்பறையை நவீனமாக்கியிருந்தார்கள். கரும்பலகை இருந்த இடத்தில் சுவர் மட்டும் சற்று வெளுத்துத் தெரிந்தது, மூலைகளில் திருகாணி ஓட்டைகள். திரை ஒன்று மேலே சுருட்டியபடி இருந்தது. அதை இறக்க ஒரு கடவுச்சொல் வேண்டும்; அதை யாரும் அப்பாவுக்குச் சொல்லவில்லை. படத்தில் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறார். பிறகு பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, வெளுத்த சுவரிலேயே ஒரு கோட்டை நிறுத்துகிறார். யாரோ விசில் அடிக்கிறார்கள். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கோடு சரியாகத் தெரியவில்லை. அவர் அதன் மேலேயே இன்னொரு தடவை அழுத்திப் போடுகிறார். கீழே ஒரு கோடு படுக்கிறது. அப்பா திரும்பி, விறைத்து நிற்கிறார்.

"விலை நிக்கும்" என்கிறார்.

பிறகு சரிந்து விழுகிறார்.

வகுப்பு மொத்தமாகக் கத்துகிறது: "அளவு படுக்கும்!" கைதட்டல். சிரிப்பு. ஒருத்தி "சார் சூப்பர்" என்கிறாள்.

சிரிப்பு எவ்வளவு நேரம் என்று மகள் எண்ணவில்லை. எண்ணுவது அவளுக்குக் கை வந்த வேலை. அதனாலேயே திரையின் அடியில் ஓடிய நேரத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள்.

"நாங்க... சார் வழக்கம்போல செய்றார்னு நெனச்சோம்க்கா."

"அவர் மேசை மேலதான் சாய்வார். தரையில விழுந்து என்னைக்காவது பார்த்திருக்கியா?"

"மேசையை எடுத்துட்டாங்கக்கா. பலகையோட சேர்த்து அதையும் எடுத்துட்டாங்க. மேசை இல்லாததால தரையில படுக்கிறார்னு..."

சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். அவன் யார் என்று அவளுக்குத் தெரியும். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். "குடிச்சிட்டுக் கிளம்புப்பா" என்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. அது அவனுக்குப் போதும் என்றும் மகளுக்குத் தோன்றவில்லை, அதிகம் என்றும் தோன்றவில்லை.

துறைத் தலைவர் மறுநாள் வந்தார். முன்னறையில் அப்பாவின் நாற்காலியைத் தவிர்த்துவிட்டு வேறு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த அளவுக்கு நாகரிகம் தெரிந்தவர்.

"பேரிழப்பு. கரும்பலகைத் தலைமுறையில கடைசி மனுஷன் சார்தான். புது டெக்னாலஜியோட கடைசி வரைக்கும் போராடினார்."

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"இவர் கம்ப்யூட்டரைத் தோள்ல தூக்கிட்டு மாடி ஏறினாரே, அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? மாடிப்படிக்குக் கீழே. வித்தைக்காரன் வர்றான் வழி விடுங்கன்னு சொன்னது உங்க வாய்தான். இவர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். எனக்குத்தான் சிரிப்பு வரல."

அவர் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, அதெல்லாம் வயசுல பேசினது. நாங்க ஒரு முடிவு பண்ணியிருக்கோம். அந்த ஸ்மார்ட் வகுப்பறைக்குச் சார் பேரை வைக்கலாம்னு."

"எந்த வகுப்பறைக்கு?" என்றாள் மகள்.

"அவர்... அந்த வகுப்பறைக்குத்தான்."

"பேரை எதுல எழுதுவீங்க? சாக்பீஸ்ல எழுதினா அந்தச் சுவர்ல தெரியாது. நான் பார்த்தேன்."

துறைத் தலைவர் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். அவருக்கும் வேலை இருந்தது. முதலாம் ஆண்டு வகுப்பு ஆப்பின் காணொளிக்குப் போய்விட்டிருந்தது. அதற்கான உத்தரவில் கையெழுத்து அவருடையது.

மருத்துவமனை கொடுத்த பிளாஸ்டிக் பையில் அப்பாவின் கண்ணாடி, சட்டை, உடைந்த சாக்பீஸ், பென்டிரைவ் எல்லாம் இருந்தன. சாக்பீஸ் தூள் பென்டிரைவின் வாய்க்குள் போயிருந்தது. மகள் அதை ஊதிச் சுத்தம் செய்தாள். அடுத்த வாரம் விடுப்பில் ஒரு நாள் மிச்சம் வைத்து, பல்கலைக்கழகத்துக்குப் போனாள்.

கணினி அறையில் குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. லேப் அம்மா சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்தார். முகஜாடை சொல்லிவிட்டது.

"உக்காரும்மா. அன்னைக்கு வருவார்னு நாற்காலியைத் தயாராப் போட்டு வெச்சிருந்தேன். இதே நாற்காலிதான்."

மகள் பென்டிரைவை மேசையில் வைத்தாள். லேப் அம்மா அதைத் தொடவில்லை.

"இதை இனிமே எங்க ஏத்தறது? அந்தப் பாடத்துக்கு ஆசிரியர்னு யாருமே இல்லையே."

"அன்னைக்கு எதுக்கு அப்பாவை வரச் சொன்னீங்க? ஒரு வழி இருக்குன்னு சொன்னீங்களாமே?"

லேப் அம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். ஆப்பின் அமைப்புப் பக்கம். நீளமான பட்டியல், எழுத்து பொடி. பாதிக்கும் கீழே ஒரு வரி: விலை செங்குத்து அச்சில். பக்கத்தில் ஒரு சின்னச் சதுரப் பெட்டி.

"இதுல ஒரு டிக். அப்புறம் கீழே இருக்குற 'மறுமதிப்பீடு'. பூஜ்யம் வாங்கின பிள்ளைங்க எல்லாருக்கும் முழு மார்க் வந்துடும். நான் தற்செயலாத்தான் பார்த்தேன். கம்பெனிக்காரங்களே மறந்துட்டாங்க போல."

வடிவமைத்தபடியே இயங்குகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை.

"நீங்களே போட்டிருக்கலாமே?"

"எனக்கு அனுமதி இல்லம்மா. பாடத்தோட ஆசிரியர் தன் கணக்குல, இந்த வளாகத்துக்குள்ள இருந்துதான் மாத்த முடியும். அதான் நேர்ல வரச் சொன்னேன்."

அப்பாவின் கடவுச்சொல் மகளுக்குத் தெரியும். அதை வைத்துக் கொடுத்ததே அவள்தான். விசைப்பலகையை இழுத்துத் தட்டினாள். இந்தக் கணக்கு மூடப்பட்டது என்றது திரை. இன்னொரு தடவை தட்டினாள். அதே வரி.

"செவ்வாய்க்கிழமையே மூடச் சொல்லி உத்தரவு வந்துடுச்சும்மா" என்றார் லேப் அம்மா. "இந்த ஆபீஸ்ல வேற எந்த வேலை இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்கு?"

"இப்ப யார் வந்து சொன்னா மாத்துவாங்க?"

"பாடத்தோட ஆசிரியர்."

"அது யாரு?"

லேப் அம்மா அந்தப் பக்கத்தின் உச்சிக்குப் போய்க் காட்டினார். ஆசிரியர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தது. படுத்த கோடு.

வெளியே மணி அடித்தது. அடுத்த வகுப்புக்குப் போகிறவர்கள் கைபேசியைப் பார்த்தபடி கண்ணாடிக் கதவைக் கடந்து போனார்கள். லேப் அம்மா மறுபடி கீழே இறங்கி, அந்த வரிக்கு வந்து நிறுத்தினார். பெட்டி காலியாக இருந்தது. அப்பா வந்து போட வேண்டிய டிக்.